பாறை நின்றது, ஊர் போனது

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் நெடுங்காலம் டிப்பர் லாரி ஓட்டிய என் பெரியம்மா மகன் சிங்கப்பூருக்கு வந்திருந்தபோது, ஊரிலிருந்து வருகிற உறவினர்களை வழக்கமாக அழைத்துச் செல்லும் இடங்களுள் ஒன்றான புக்கிட் பாத்தோக்கின் பழைய கல்குவாரிப் பூங்காவான லிட்டில் குய்லினுக்கு அவரையும் அழைத்துச் சென்றேன். புக்கிட் கோம்பாக் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், கட்டணம் இல்லை, குளத்தையும் அதற்குள் எழுந்து நிற்கும் பாறையையும் பின்னால் வைத்து எடுக்கும் படம் யாருக்கும் நன்றாகவே வரும். அண்ணன் குளத்தைப் பார்க்கவில்லை. எதிரே செங்குத்தாக நின்ற பாறை முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து தட்டுத் தட்டாக வெட்டி இறங்கியிருக்கிறார்கள் என்றார். லாரி இந்தச் சரிவில்தான் ஏறியிருக்க வேண்டும் என்று, இப்போது மக்கள் மெல்லோட்டம் போகும் பாதையைக் கையால் வரைந்து காட்டினார். பிறகு, “அது சரி தம்பி, இங்க கல்லுடைச்ச சனமெல்லாம் எங்க போச்சு?” என்று கேட்டார்.

அடுக்குமாடி வீடுகளுக்குப் போயிருப்பார்கள் அண்ணே என்றேன். சிங்கப்பூரில் யாரைப் பற்றிக் கேட்டாலும் பொருந்தக்கூடிய பதில் அது, பொய்யும் அல்ல. அவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. கைவிடப்பட்ட குவாரிகளைக் குப்பைமேடாக விடாமல் பூங்காவாக்கியது இந்த நாடு செய்த நல்ல காரியங்களுள் ஒன்று என்று நான் நினைத்திருந்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் பாறையைக் காப்பது என்றால் அதன் பக்கத்தில் வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்தி, புல் நட்டு, பலகை வைப்பதுதானா என்ற சந்தேகம் அதற்குப் பிறகு அடங்கவில்லை. புவியியல் மரபைக் காக்கும் ‘புவிப்பூங்காக்களை’ப் பற்றி அவ்வப்போது படித்தும், வாய்ப்புக் கிடைத்தபோது போய்ப் பார்த்தும் வந்ததில் இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதைத்தான் எழுத முயல்கிறேன்.

மூடிய குவாரிகளின் நாடு

சிங்கப்பூரில் பாறையைப் பார்க்க வேண்டுமானால், கடலோரத்தின் சில துண்டுகளை விட்டால், பழைய குவாரிக்குத்தான் போக வேண்டும். வெயிலும் மழையும் பாறையை மேலிருந்து மக்கவைத்துப் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாக்கிவிட்ட நிலம் இது. மனிதன் வெடி வைத்த இடத்தில்தான் அடியிலிருக்கும் கல் வெளியே தெரிகிறது. புக்கிட் தீமாவின் கிரானைட்டுக்கு வயது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல். லிட்டில் குய்லினில் இருப்பது அதிலிருந்து வேறுபட்ட, கருமை கூடிய பாறை. பாறைக்குழம்பு நிலத்தடியில் மெல்ல உறைந்து உருவானது. சீனத்துக் குய்லின் மலைகளோ சுண்ணாம்புக்கல். தோற்றத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், அதனால் அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனாவை நினைத்துக்கொண்டு படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள்.

கல்லோடு இந்தத் தீவு கொண்ட உறவின் தொடக்கமே வெடிமருந்துதான். சிங்கப்பூர் ஆற்று முகத்தில் எழுத்துப் பொறித்த பெரும் பாறை ஒன்று நின்றது. கலிங்கத்திலிருந்து வந்த மல்லனை வெல்வதற்காகப் பாடாங் என்ற பலசாலி தூக்கி எறிந்த கல் அது என்று மலாய்க் கதை மரபு சொல்லும். 1843இல் இடத்தைப் பெரிதாக்குவதற்காக அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, எழுத்தை இன்னும் யாரும் முழுமையாகப் படித்துவிடவில்லை. 1848இல் கெப்பல் துறைமுக வாயிலில் நின்ற பத்து பெர்லாயார் பாறைக்கும் அதே கதி. கப்பல் போக வழி வேண்டும் என்றால் கல் விலக வேண்டும்; அன்றைய நியாயம் அது. லாப்ரடோர் பூங்காவில் மிஞ்சியிருக்கும் கடற்குன்றும் செந்தோசாவின் ஓரத்துப் பாறைகளும் அந்த நியாயத்துக்குத் தப்பியவை.

மற்ற எல்லாவற்றையும்விட நீண்ட கதை புலாவ் உபின் என்ற சிறு தீவுக்கு உண்டு. 1851இல் எரியத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தின் கற்கள் அங்கிருந்து போனவை. ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கான கல்லை அந்தத் தீவில் வெட்டியவர்களுள் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகளும் இருந்தார்கள். நம் ஊர்களில் கோயிலுக்குக் கல் கொடுத்தவர் பெயரைத் தூணில் வெட்டிவைப்பார்கள், இவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1924இல் முடிந்த ஜோகூர்க் கடற்பாலத்திலும் உபின் கல் இருக்கிறது. குவாரிகள் சுறுசுறுப்பாக நடந்த காலத்தில் தீவில் சுமார் 2,000 பேர் வாழ்ந்தார்கள், சீனப் பள்ளிக்கூடம் இருந்தது, தெருக்கூத்து மேடை இருந்தது. வேலை குறையக் குறைய இளையவர்கள் பெருந்தீவுக்குப் போனார்கள். பள்ளி 1985இல் மூடப்பட்டது, கடைசிக் குவாரி 1999இல் நின்றது. இன்று குழிகளில் பச்சை நிறத் தண்ணீர் நிற்கிறது, நாரைகள் கூடு கட்டுகின்றன, கெத்தாம் குவாரியைச் சுற்றி மலைச்சைக்கிள் பாதை ஓடுகிறது. மக்கள் சில பத்துப் பேர் மட்டுமே.

அண்ணன் கேட்ட கேள்விக்கு உபினின் பதில் இதுதான்: கல் வருமானம் தந்த வரையில் ஊர் இருந்தது, கல்லைக் காக்கத் தொடங்கியபோது அதனால் வாழக்கூடிய ஊர் ஏறத்தாழக் காலியாகியிருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்த வினை என்று சொல்லமாட்டேன். வரிசைதான் அப்படி அமைந்துவிட்டது.

ஊரைக் கழிக்காத கணக்கு

வரிசையை மாற்றிப் போட முடியுமா என்று கேட்டவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். பிரான்சு, கிரேக்கம், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் நான்கு பகுதிகள் சேர்ந்து 2000இல் புவிப்பூங்காக்களுக்கான ஐரோப்பிய வலையமைப்பைத் தொடங்கின. நான்கும் நகரத்திலிருந்து தள்ளியிருந்த பகுதிகள். கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவில் எரிமலைச் சாம்பல் மூடிக் கல்லாகிப்போன காடு இருக்கிறது. அந்தப் பூங்கா அங்குள்ள பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் செய்யும் தின்பண்டங்களையும் பானங்களையும் வருகையாளர்களிடம் கொண்டுசேர்த்தது. 2015 நவம்பரில் யுனெஸ்கோ இந்த முறையைத் தன் பெயரிலேயே ஏற்றுக்கொண்டது. 2025 ஏப்ரல் நிலவரப்படி 50 நாடுகளில் 229 உலகப் புவிப்பூங்காக்கள் உள்ளன.

யுனெஸ்கோவின் விதிகளில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தவை இரண்டு. பூங்காவின் எல்லைக்குள் ஊர்களும் வயல்களும் சந்தைகளும் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். முக்கியமான பாறைகளுக்கும் படிவங்களுக்கும் அந்தந்த நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தால் போதும். அடுத்தது, பூங்காவை நடத்தும் அமைப்பு கல், கனிமம், புதைபடிவம் எதையும் விற்கும் வேலையில் நேரடியாக இறங்கக்கூடாது, அது எந்த ஊரிலிருந்து வந்த கல்லாக இருந்தாலும். கல்லை விற்காமல் கல்லால் பிழைக்க வேண்டும் என்பது இதன் பொருள். இது எவ்வளவு கடினமான நிபந்தனை என்பது அரியலூரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அரியலூரும் பெரம்பலூரும் ஒருகாலத்தில் கடலுக்கடியில் கிடந்த நிலம். 19ஆம் நூற்றாண்டிலேயே நிலவியலாளர்கள் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் அங்கே அளந்து, பொறுக்கி, வகைப்படுத்திய புதைபடிவங்களை இன்றும் உலகெங்கும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகக் கிடக்கிறது, நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைப் பதிவு செய்தார், இந்தியப் புவியியல் ஆய்வு மையம் அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துக் கம்பிவேலி போட்டிருக்கிறது. குன்னத்தில் 2020இல் ஏரி தூர்வாரியபோது கிடைத்த உருண்டைக் கற்களை டைனசோர் முட்டை என்று ஊரே கொண்டாடியது, பிறகு அவை அம்மோனைட் என்ற பழங்காலச் சுருள் ஓட்டுக் கடலுயிரியின் படிவங்கள் என்று தெரிந்தது. அண்ணன் வீட்டுச் சாமி அலமாரியிலும் சுரங்கத்தில் கிடைத்த நத்தைக்கல் ஒன்று திருநீறு பூசிக்கொண்டு இருக்கிறது. அதுவும் அம்மோனைட்தான், கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொன்னபோது அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். ஆனால் அந்தக் கடலில் மடிந்த கிளிஞ்சல்கள்தான் சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புக்கல்தான் சிமெண்ட், சிமெண்ட்தான் சம்பளம். கிளிஞ்சலைப் பொடியாக்கிய கூலியில்தான் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. சாத்தனூர்க் கல்மரத்தால் பக்கத்துத் தேநீர்க் கடைக்குக்கூட வியாபாரம் கூடவில்லை என்பது அவருடைய கணக்கு. இப்படியிருக்க, கல்லை உடைக்காதே என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கிலிமில் ஒரு படகுக்காரர்

மலேசியாவின் லங்காவிக்குப் போனபோது இந்தக் கேள்விக்கு அங்கே விடை இருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் போனேன். 99 தீவுகள், 2007இல் தென்கிழக்காசியாவிலேயே முதலில் புவிப்பூங்கா என்ற பெயரைப் பெற்ற இடம். மாச்சிஞ்சாங் மலையின் மணற்பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது, மலேசியாவின் மிகப் பழைய பாறைகளுள் ஒன்று. வரியில்லா மதுவுக்கும் சாக்லேட்டுக்கும் போகிற சிங்கப்பூரர்கள் தொங்கூர்தியில் ஏறி அதன்மீதேதான் நிற்கிறார்கள், தெரியாமலே. கிலிம் பக்கம் 40 கோடி ஆண்டு கடந்த சுண்ணாம்புக்கல் குன்றுகள் கடலுக்குள்ளிருந்து நேராக எழுகின்றன. அவற்றின் காலடியில் அலையாத்திக் காடு. அங்கே மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் படகு ஓட்டுகிறார்கள். ஊரும் கல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு படகில் ஏறினேன்.

எங்கள் படகுக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ஓடை குறுகிய இடத்தில் எஞ்சினைத் தணித்தார். கரையோரம் அலையாத்தி மரங்களின் வேர்கள் மண் இல்லாமல் அந்தரத்தில் தொங்கின. சில மரங்கள் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்தே கிடந்தன. அப்போது பின்னாலிருந்து இரண்டு படகுகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்தன. அவை கிளப்பிய அலை கரையில் மோதித் திரும்பியபோது வேர்களுக்கிடையிலிருந்து ஒரு கை அளவு சேறு கரைந்து இறங்கியதைப் பார்த்தேன். சற்றுத் தள்ளி, முன்னால் போன படகுகளிலிருந்து கோழித்தோலைத் தண்ணீரில் வீச, செம்பருந்துகள் வட்டமிட்டு இறங்கின. நம் ஊரில் கருடன் தலைக்கு மேல் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். இங்கே கோழித்தோலுக்கு வரிசையில் வருகிறது. வேட்டையாடும் பறவையை இப்படிப் பழக்குவது அதற்குக் கெடுதல் என்று ஆய்வாளர்கள் சொல்லி வருவது புதிதல்ல, படகுக்காரர்களுக்கும் அது தெரியும்.

“அபாங், நீங்கள் மட்டும் ஏன் மெதுவாகப் போகிறீர்கள்?” என்று மலாயில் கேட்டேன். கரையைக் காப்பதற்காக என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். இன்று கூட்டம் இல்லை, அதனால் மெதுவாகப் போகிறேன், பள்ளி விடுமுறையில் வந்து பாருங்கள், நானும் அவர்களைப் போலத்தான் பறப்பேன் என்றார். அப்புறம், என் முகம் வாடியதைக் கண்டோ என்னவோ, கொஞ்சம் விளக்கினார். ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, ஒரு சுற்றுக்கு எத்தனை மணி நேரம், எந்த நேரத்துக்குத் துறையில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் முடிவு செய்வதில்லையாம். “உங்கள் ஹோட்டலில் சுற்றுலா விற்கிறவர் முடிவு செய்கிறார், என்சிக். கழுகு இல்லை என்றால் அவர் ஆளை வேறு படகுக்கு அனுப்பிவிடுவார்.” குரலில் கோபம் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. உள்ளூர் மக்களுக்கு வருமானம் வந்துவிட்டால் அவர்கள் தாமாகவே கல்லையும் காட்டையும் காப்பார்கள் என்று புவிப்பூங்காவைப் பற்றிய பேச்சில் எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இந்த மனிதருக்கு வருமானம் வந்துகொண்டுதான் இருக்கிறது. கரை சரிவதும் அவருக்குத் தெரியும், பருந்து கெடுவதும் தெரியும். மீனவராக இருந்தவருக்கு அந்த ஓடையைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. அவரிடம் இல்லாதது போதும் என்று சொல்லும் அதிகாரம். இன்றைக்கு இத்தனை படகுதான், இதற்குமேல் இல்லை என்று சொன்னால் அந்தச் சொல் நிற்க வேண்டும், சொன்னதற்காக அவர் வயிற்றில் அடி விழக்கூடாது. அது இல்லாதபோது வருமானம் என்பது, அண்ணனின் டிப்பர் லாரியைப் போலவே, அடுத்த நடைக்கு விரட்டுகிற வேலையாகிவிடுகிறது. ஒருவர் கல்லை உடைத்துப் பிழைக்கிறார், மற்றவர் அதைக் காட்டிப் பிழைக்கிறார். எத்தனை நடை என்பதை இருவருக்கும் வேறு யாரோ எழுதிக்கொடுக்கிறார்கள்.

வேண்டாம் என்று சொன்னவர்கள்

அந்த அதிகாரம் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரைக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் குன்றுகளை எப்படித் தின்றன என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. அதை அருகிலிருந்து பார்த்த அரிட்டாபட்டி மக்கள் தங்கள் ஏழு குன்றுகளை விடவில்லை. சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, குடைவரைச் சிவன் கோயில், குன்றுகளிலிருந்து இறங்கும் தண்ணீரை வாங்கும் ஏரிகள் என்று அந்த ஊரின் எல்லாமும் பாறையைச் சார்ந்தே இருக்கிறது. 2022 நவம்பரில் அது தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த 193 ஹெக்டேரையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிருக்கிறது என்ற செய்தி வந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி தொடக்கத்தில் மக்கள் மதுரை நகரை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அரிட்டாபட்டிக்குப் புவிப்பூங்காவும் இல்லை, படகுச் சவாரியும் இல்லை. சுற்றுலாவால் அந்த ஊருக்குப் பெரிய வருமானம் வந்ததாலா மக்கள் நடந்தார்கள்? வாழ்வாதாரம் ஏரியிலும் வயலிலும் இருந்தது, முடிவெடுக்கக் கூடுவதற்குக் கிராம சபை என்ற இடம் இருந்தது. லங்காவியில் வருமானம் இருக்கிறது, வரம்பு போடும் குரல் மெலிந்திருக்கிறது. அரிட்டாபட்டியில் குரல் இருக்கிறது, கல்லைக் காத்ததற்கான வருமானம் இனிமேல்தான் வர வேண்டும். இரண்டும் ஒரே ஊரில் சேர்வதுதான் புவிப்பூங்காவின் வேலை என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்தக் கண்ணோடு பார்த்தால், இந்தியாவில் 2022 டிசம்பரில் வெளியான புவிமரபுத் தலங்கள் மசோதாவின் வரைவு எனக்கு உவப்பாக இல்லை. இந்தியாவில் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா இதுவரை ஒன்றுகூட இல்லாத நிலையில் சட்டம் தேவைதான். ஆனால் அந்த வரைவில் நிலம் கையகப்படுத்துவதும் தடை விதிப்பதும் ஒரு மத்திய நிறுவனத்தின் கையில் குவிந்திருந்தன. கம்பிவேலி போடுவதற்கு அது போதும். சாத்தனூரில் ஒரு தேநீர்க் கடை பிழைப்பதற்குப் போதாது.

வெளியிலிருந்து ஒரு கண் இருப்பதும் உதவும். யுனெஸ்கோ தன் புவிப்பூங்காக்களை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்கிறது. பச்சை அட்டை வாங்கினால் இன்னொரு நான்கு ஆண்டு. மஞ்சள் அட்டை வாங்கினால் இரண்டே ஆண்டில் குறைகளைச் சரிசெய்ய வேண்டும். சிவப்பு என்றால் பெயர் போய்விடும். சுமத்ராவின் டோபா ஏரிக்கு 2023இல் மஞ்சள் அட்டை கிடைத்தது. 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்து, ஆந்திராவின் ஜ்வாலாபுரம் வரை சாம்பலைத் தூவிய எரிமலையின் வாய் அது. பாறையின் பெருமையில் எந்தக் குறையும் இல்லை. பூங்கா நடத்தப்படும் விதத்தில்தான் குறை கண்டார்கள். ஒருமுறை வாங்கிச் சுவரில் மாட்டிவிடும் விருதாக இதை வைக்காமல், வண்டிக்கு எடுக்கும் தகுதிச் சான்றிதழ் மாதிரி வைத்திருப்பது இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

உபினில் என்ன மிச்சம்

சிங்கப்பூருக்குப் புவிப்பூங்கா வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உலக அளவில் தனித்துவம் கொண்ட பாறை என்று உபினின் கிரானைட்டைக் காட்டி யுனெஸ்கோவின் கதவைத் தட்டினால் அது திறக்காது என்றே நினைக்கிறேன். நாடு சிறியது என்பது மட்டும் காரணமாகாது. ஹாங்காங் ஒரு நகரம். எரிமலைச் சாம்பல் இறுகி அறுகோணத் தூண்களாக நின்ற கரையோரத்தை வைத்து 150 சதுர கிலோமீட்டரில் புவிப்பூங்கா நடத்துகிறது. அங்கே வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் அங்கீகாரமும் உண்டு. அதன் எல்லைக்குள் இருக்கும் லாய் சி வோ என்ற ஹக்கா கிராமம் கிட்டத்தட்டக் காலியாகிவிட்ட ஊர். கைவிட்ட வயல்களில் மறுபடியும் நெல் விளைவித்தார்கள், பழைய குடும்பங்களிலிருந்து சிலர் திரும்பி வந்தார்கள். காலியான ஊருக்கு மறுபடி விளக்கேற்ற முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

உபினில் அதற்கான பொருள்கள் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன. சாங்கி முனையில் 12 பேர் சேரும்வரை காத்திருந்து, ஆளுக்கு 4 வெள்ளி வாங்கிக்கொண்டு புறப்படும் பம்போட் படகு இருக்கிறது. இறங்கியதும் சைக்கிள் கடை, இளநீர், கடல் உணவு. 2001 இறுதியில் நிலமீட்புக்குப் பலியாகவிருந்த உபினின் செக் ஜாவா கடலோரத்தை மக்கள் குரல் கொடுத்து நிறுத்திய நினைவும் இருக்கிறது. அரசு செவிசாய்த்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2014 முதல் உபினின் எதிர்காலத்தைப் பற்றி அரசு பலதரப்பையும் அழைத்துப் பேசியும் வருகிறது. ஆனால் அங்கே போகிற என்னைப் போன்றவர்கள் காட்டுப் பன்றியையும் இருவாச்சியையும் தேடுகிறோமே தவிர, குவாரிக் குளத்தின் விளிம்பில் நின்று இது எப்படி வெட்டப்பட்டது என்று கேட்பதில்லை. கடலோரப் பாறைகளில் மேலிருந்து கீழாக, சீப்பால் வாரியதுபோல் ஓடும் பள்ளங்களை 1840களிலேயே இதழாசிரியர் ஜேம்ஸ் லோகன் வியந்து எழுதியிருக்கிறார்; அவற்றின் மீது துண்டை உலர்த்திவிட்டுப் போகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கல்லைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் உபினில் இல்லாமல் போகவில்லை. வெடி வைப்பதற்கு முன் சங்கு ஊதியதையும், எந்தக் குழியின் கல் தெருவுக்குப் போனது, எது கட்டடத்துக்குப் போனது என்பதையும் நேரில் கண்டு வளர்ந்தவர்கள் தீவிலும் இருக்கிறார்கள், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் அடுக்குமாடிகளிலும் இருக்கிறார்கள். வார இறுதியில் கம்பத்து (கிராமத்து) வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டுவிட்டுத் திரும்பும் குடும்பங்களும் உண்டு. தன்னார்வலர்கள் இலவசமாக நடத்தும் இயற்கை நடையை நான் குறைத்துச் சொல்லவில்லை, பலமுறை போயிருக்கிறேன். ஆனால் குவாரிக்காரர் பிள்ளைக்கு அதைக் கூலியுள்ள வேலையாகக் கொடுத்துப் பார்க்கலாம். பாறையின் வயதையும் பெயரையும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் நிலவியலாளர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், வெட்டிய கதையை அவர் அவர்களுக்குச் சொல்லட்டும். கட்டணம் தீவில் வசிப்பவரும் வசித்தவரும் சேர்ந்த ஒரு கூட்டுறவுக்குப் போகட்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்தப் பாதை, எந்த மாதம் எந்தக் குவாரிக் கரையை நாரைகளுக்காக மூடுவது என்பதில் அவர்கள் சொல்லுக்கு வாக்கு இருக்கட்டும். ஆலோசனைக் கூட்டத்தில் காப்பியும் கறிப்பஃபும் கொடுத்துக் கருத்துக் கேட்பதை நான் இதில் சேர்க்கவில்லை.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு வயது. தீவில் இருப்பவர்கள் மூத்தவர்கள், அவர்களுக்குப் பின் யார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வசிக்க வழியில்லாத இடத்தில் கூட்டுறவு ஒரு தலைமுறைக்கு மேல் ஓடாது. எனவே உபினில் பிறந்தவர்களின் பிள்ளைகளில் விரும்புகிறவர்களுக்கு, சொந்தமாக்க வேண்டாம், குத்தகையாகவாவது, தீவில் தங்கி வேலை செய்யும் உரிமை வேண்டும். பழைய கம்பத்து வீடுகளைப் பழுதுபார்த்து நிறுத்துவதற்குச் செலவழிக்க முடிகிற நாட்டுக்கு அவற்றில் ஆளைக் குடிவைப்பது இயலாத காரியம் அல்ல. மின்சாரம் பெருந்தீவிலிருந்து வருவதில்லை, மழைக்காலத்தில் கொசு, இரவில் மருத்துவர் இல்லை. இத்தனையும் தெரிந்து வருகிறவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். பத்துக் குடும்பம் வந்தால்கூடப் போதும், ஒரு குவாரிக்கு இரண்டு குடும்பம் கணக்காகிறது.